கரி போடும் மாப்பிள்ளை

கோயம்புத்தூரில் பிறந்து, அங்கேயே தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றவள் நான். கூப்பிடு தூரத்தில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்குக் கிளம்பும் மலை ரயிலில் எனக்கு ஒரு தடவைகூட இடம் கிடைத்ததில்லை. எப்போது கேட்டாலும் காத்திருப்போர் பட்டியல்தான். வெளிநாட்டுக்காரர்கள் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு, நிலையத்துக்கு வெளியே பஜ்ஜி தின்றுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஆகவே பல்சக்கரம் மாட்டிய மலை ரயிலில் நான் முதன்முதலில் ஏறியது சுவிட்சர்லாந்தில். ஊர் சுற்றிப் பார்க்கப் போனதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மாப்பிள்ளை கரி அள்ளிப் போடுகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

என் மகள் கயல் கட்டிக்கொண்டது ரூபனை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போன பெற்றோருக்கு அந்த நாட்டிலேயே பிறந்த பையன். கல்யாணத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தார். டையும் கண்ணாடியுமாக நிற்கும் அந்தப் போட்டோ இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் கயல் போன் செய்தாள். "அம்மா, ரூபன் வேலை மாறிட்டாரு. இப்ப ரொம்ப சந்தோஷமா இருக்காரு." வேலை மாறியவரைப் பற்றிச் சம்பளத்தைச் சொல்லாமல் சந்தோஷத்தைச் சொன்னால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். துருவித் துருவிக் கேட்டதில் வெளியே வந்தது. ஏரிக்கரை மலையொன்றில் ஓடும் ரயில்வேயில் பட்டறை வேலை. கோடையில் பழைய நீராவி இன்ஜினை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து ஓட்டும் நாட்களில் அதன் அடுப்புக்குக் கரி போடும் வேலை.

மலையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் புதிது. சுவிஸ்காரர்கள் எதையும் விடாமல் படிக்கிறவர்கள்.

ஜூரிக் விமான நிலையத்துக்கு ரூபனே வந்திருந்தார். "வாங்கோ மாமி, பயணம் சுகமோ?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் முதலில் பார்த்தது அவருடைய நகங்களை. கரி ஓரங்களில் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது. ரயிலில் உட்கார்ந்ததும் ஏரியைக் காட்டுவார், மலையைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காட்டியது போனில் ஒரு இன்ஜின் படத்தை. பெரிய பாட்டிலைத் தூக்கி வண்டியின் மேல் நிறுத்தியதுபோல் கொதிகலன். அதுவும் நேராக இல்லை. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி சாய்ந்து நின்றது.

"சரிஞ்சு நிக்குதே மாப்பிள்ளை?"

"அது தட்டைத் தரையில மாமி. மலையில ஏறேக்க தான் நிமிரும். தண்ணி மட்டமா நிக்கோணும் எல்லோ? முதன்முதல் மலைக்கு ரெயில் விட்ட ஆக்கள் அப்பிடித்தான் யோசிச்சவை." சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெண்மணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். ரூபன் உடனே வாயை மூடிக்கொண்டார். அந்த நாட்டு ரயிலில் விழித்திருக்கிறவர்கள்கூட நம் ஊர் ரயிலில் தூங்குகிறவரைவிட அமைதியாகப் போவார்கள் என்று தோன்றியது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் முறுகலாகச் சுட்டு வைத்தாள் கயல். அடை என்று நினைத்துச் சாப்பிட்டால் ஏமாற்றம், உருளைக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டால் அமிர்தம். ரூபன் குளிக்கப் போன சமயம் பார்த்து, "உனக்கு வருத்தமில்லையா சாமி?" என்று அவளைக் கேட்டேன்.

"இன்சூரன்ஸ்ல இருந்தப்ப பாதித் தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்குவாரும்மா. இப்பத் தலை சாஞ்சா தூங்கிடறாரு. என்ன, தலையணை உறைதான் வெளுக்கவே மாட்டேங்குது" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் குறை.

மறுநாள் என்னை வில் என்ற ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். ரூபனுடைய அப்பா அம்மா அங்கேதான் இருக்கிறார்கள். வேலை மாறியதிலிருந்து அப்பா மகனோடு பேசுவதில்லையாம்; சமாதானம் பேசத்தான் என்னை அனுப்பினார்கள். சம்பந்தி சிவபாலன் அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சம்பந்தியம்மா ராசமலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே இலை போடாத குறையாகச் சாப்பிட உட்கார வைத்துவிட்டார் ராசமலர். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் பொரியல். மலைபோல் குவித்துவிட்டு, "காணுமோ அக்கா?" என்றார்.

எதையோ காணவில்லை என்று நினைத்து நான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். "என்னங்க காணோம்?" என்றேன். என் பதிலைக் கேட்டு அவர் முகம் வாடிவிட்டது. இன்னும் நாலு இடியப்பம் விழுந்தது. 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தமாம்; என் 'காணோம்' அவர் காதில் போதாது என்று விழுந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் வயிறு தாங்காமல் போய்விட்டது. ஒரே மொழி பேசுகிறவர்களிடம்தான் இந்த ஆபத்து. ஜெர்மன்காரியாக இருந்தால் கையைக் காட்டித் தப்பித்திருப்பேன்.

சிவபாலன் வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, எதிரே உட்கார்ந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. குசலம் விசாரித்து முடித்ததும் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"நான் டாவோஸில ஹோட்டலில கோப்பை கழுவினனான் சம்பந்தி. விடிய வெளிக்கிட்டாப் பொழுதுபடத்தான் வாறது. கையெல்லாம் தோலுரிஞ்சு போச்சு. ஏன்? பெடியன் ஒரு மேசையில இருந்து வேலை செய்யோணும் எண்டு. அவன் என்ன செய்தவன்? எங்கட முகத்தில கரியைப் பூசிட்டான்."

மரபுத்தொடராகச் சொல்கிறாரா, உள்ள செய்தியையே சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். உண்மையில் நான் அவர் கட்சிதான். கோயம்புத்தூரில் நான் யாரிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

"அதுக்காகப் பேசாமயே இருக்கறதுங்களா?" என்றேன், வந்த காரியத்தை நினைத்து.

"என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். அதற்குள் ராசமலரின் போன் அடித்தது. ரூபன்தான். சிவபாலன் எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வானிலை அறிக்கை வீடே அதிரும்படி ஓடியது. போன் பேசி முடிந்ததும் சத்தத்தைக் குறைத்தார். குளிர்காலத்திலிருந்து இப்படித்தானாம்.

சமையலறையில் ராசமலர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இன்ஜின் வேலை அக்கா. நீங்கள் ஏரியைப் பாக்கோணும் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. விருந்தாளி கேட்டா இவர் மாட்டன் எண்டு சொல்லமாட்டார்." தூண்டிலில் மாட்டும் புழுவாக இருக்க நான் சம்மதித்தேன். ஏரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் சிவபாலன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"கார் ஓடுறன். மேல ஏறமாட்டன்" என்றார்.

ஞாயிறு காலை கயலையும் வழியில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரையிலேயே நிலையம். இன்ஜின் படத்தில் பார்த்ததைவிடச் சின்னது; நம் ஊர் டீக்கடைப் பாய்லருக்குச் சக்கரம் வைத்துப் பெரியதாக்கியதுபோல் இருந்தது. மலையேறும் பக்கமாக ஒரு திறந்த பெட்டி, மரப் பலகை இருக்கைகளோடு. இன்ஜின் கீழே நின்று அதை மேலே தள்ளிக்கொண்டு போகுமாம். சுற்றிலும் கேமராக்கள். நடுவில் நீலச் சட்டையும் தொப்பியுமாக என் மாப்பிள்ளை, கரிவாரியோடு. எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். சிவபாலன் ஏரியில் போகும் வாத்துகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கிறதே என்று நான் கழிப்பறைக்குப் போனேன். போனது தவறில்லை, வரத்தான் முடியவில்லை. அந்தக் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் தண்ணீர் வந்தது. இன்னொன்றை அழுத்தினால் சுவரிலிருந்து ஒரு பெண் ஜெர்மனில் பேசினாள். மூன்றாவதை அழுத்தப் பயந்து நின்றேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன், கதவு மரியாதையாகத் திறந்தது. வெளியே ஓடி வந்தபோது ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பி, நடைமேடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து கயலும் ராசமலரும் இரண்டு கைகளையும் ஆட்டினார்கள். வழியனுப்புகிறார்களா, திட்டுகிறார்களா என்று தெரியவில்லை. நடந்தே பிடித்துவிடலாம் என்கிற வேகத்தில்தான் அது போனது. ஆனால் நான் போன வேகம் அதைவிடக் குறைவு.

நடைமேடையில் மிச்சமிருந்தது நானும் சிவபாலனும். அவருக்குத் தர்மசங்கடம். மொழி தெரியாத சம்பந்தியைத் தனியாக மலையேற்றி விடவும் முடியாது. காரில் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வாங்கோ. அடுத்த ரெயில் நிக்குது" என்றார். இப்படியாக, மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றி மிக மோசமான அபிப்பிராயம் கொண்டிருந்த இரண்டு பேர், அவரைப் பின்தொடர்ந்து மின்சார ரயிலில் மலையேறினோம்.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் நீராவி ரயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் முந்திப் போயிருக்க வேண்டும். ஆனால் மேலே தண்டவாளத்தில் மாடுகள் படுத்துவிட்டன. கழுத்து மணிச் சத்தம் கீழேவரை கேட்டது. நடத்துநர் இறங்கி நின்று மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ அறிவித்தார். "மாட்டுக்காரன் வரோணுமாம். விரும்பினா இறங்கி நிக்கலாமாம்" என்றார் சிவபாலன். சுவிஸ் ரயில் தாமதமானதை என் கண்ணால் பார்த்தேன் என்று கோயம்புத்தூரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். மாடுகளுக்கு யாரும் கால அட்டவணை கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இறங்கினோம். கயலும் ராசமலரும் ஓடி வந்தார்கள். இன்ஜின் இப்போது உண்மையாகவே நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் இருந்த ரயில் பெட்டியும், நிலையத்துச் சுவரும், நாங்களும்தான் சாய்ந்திருப்பதுபோல் தெரிந்தது. ரூபன் தண்ணீர்க் குழாயை இரண்டு கையாலும் தொட்டிக்குள் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கண்ணும் பல்லும்தான் வெள்ளை. அப்பாவைப் பார்த்துவிட்டார். குழாயை விட முடியாது, பார்வையை விலக்கவும் தெரியவில்லை.

சிவபாலன் மகனிடம் போகவில்லை. இன்ஜினிலிருந்து கைகளைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்த ஓட்டுநரிடம் போனார். ரெகுலா என்று பெயர். நரைத்த தலையை ஒட்ட வெட்டிய, அகலமான தோள்கள் கொண்ட பெண்மணி. "அவங்கதான் இவருக்கு ஷெஃப்" என்றாள் கயல் என் காதில். இந்த ரயிலில் சமையலும் உண்டா என்று கேட்டேன். அந்த ஊரில் மேலதிகாரியை அப்படித்தான் சொல்வார்களாம்.

அடுத்து நடந்ததைக் கயல் எனக்கு வரிக்கு வரி மொழிபெயர்த்தாள். சிவபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைப் பார்க்க வந்த தகப்பனைப் போல் நேராக நின்று கேட்டார்:

"நான் ரூபனின் தகப்பன். வேலைக்கு நேரத்துக்கு வருகிறானா?"

"வருகிறான். எனக்கு முன்னாலேயே வருகிறான்."

"வேலை எப்படி?"

"கரி அதிகம் போடுகிறான்" என்றாள். "நீராவி குறைந்துவிடுமோ என்று பயம். அள்ளி அள்ளிப் போடுகிறான். பிறகு அழுத்தம் கூடி, மேலே வால்வு திறந்து நீராவி சும்மா போகிறது. ஊரெல்லாம் புகை. துவைத்த துணியைக் காயப்போட்டவர்கள் என்னிடம் வந்து கத்துகிறார்கள்."

"சொன்னால் கேட்கிறானா?"

"நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்கிறான்."

"அது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது" என்றார் சிவபாலன், ரொம்ப மும்முரமாக.

"அதுவும் போக வேண்டும். இன்னும் சில கோடைக்காலம் என்னோடு நின்றால் ஆள் ஆவான். நெருப்பைக் கண்டு சலிக்காதவன். அது முக்கியம்." சொல்லிவிட்டு அவள் எண்ணெய்க் குவளையோடு சக்கரத்துக்கடியில் குனிந்துவிட்டாள். ஒரு புன்னகை, ஒரு கைகுலுக்கல், ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே கோபமாக இருக்கும் மனிதரிடம் இப்படியா போட்டு உடைப்பாள்! சிவபாலன் திரும்பினார். நான் எதிர்பார்த்த முகம் அதில் இல்லை. மாதக்கணக்காகக் காத்திருந்த ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்ததுபோல் இருந்தது. நேரே மகனிடம் போனார்.

"கரி கூடப் போடுறியாம்."

"ஓம் அப்பா."

"ஏன்?"

"அமுக்கம் விழுந்திடும் எண்டு..."

"விழாதாம். அவ சொல்லுறா. சொல்லுறதை முழுக்கக் கேட்டுப்போட்டுப் பேந்து கதை."

"ஓம் அப்பா."

தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து இருவர் காலணிகளையும் நனைத்தது. "தண்ணியைப் பார்!" என்று அதற்கும் ஒரு அதட்டல். பேச்சு அவ்வளவுதான். ராசமலர் மறுபக்கம் திரும்பி நின்று, ரொம்ப நேரமாகச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். பிறகு கட்லெட்டை எல்லோருக்கும் நீட்டினார். நடத்துநருக்கும் ஒன்று. அவர் இரண்டாவதும் கேட்டு வாங்கினார்.

மாட்டுக்காரன் வந்தான். மாடுகள் ஒவ்வொன்றாக, யாருக்கும் கடமைப்படாத நடையில் எழுந்து போயின. மின்சார ரயில் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. நீராவி ரயில் பெட்டியில் நெருக்கிக்கொண்டு எங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். சிவபாலன் எல்லோரும் பார்க்கும் மலைப் பக்கம் உட்காரவில்லை. கடைசிப் பலகையில், இன்ஜினைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அங்க ஏரி தெரியுதுங்க" என்றேன்.

"பாத்தனான்" என்றார், பாராமலே. கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினின் தலையில் உஸ்ஸென்று நீராவி சீறியது. "கேட்டீங்களோ? திரும்பவும் கூடப் போட்டிட்டான்" என்றார். வெள்ளைச் சட்டையில் கரித்தூள் விழுந்தது. தட்டினார், தட்டத் தட்டப் பரவியது.

"அந்தம்மா அப்படிச் சொல்லிட்டாங்களேன்னு உங்களுக்கு வருத்தம் இல்லீங்களா?"

"வருத்தமோ?" என்று திரும்பினார். "இந்த நாட்டில ஒருத்தரும் முகத்துக்கு நேர குறை சொல்லமாட்டினம் சம்பந்தி. சிரிச்சு, கை குடுத்து, நல்லது நல்லது எண்டுவினம். பேந்து வீட்டுக்குக் கடிதம் வரும், வேலை இல்லை எண்டு. இவ நேர சொல்லுறா. ஏன்? அவனைத் தன்ர ஆளா எடுத்திட்டா. அல்லாட்டி ஏன் மினைக்கெடப் போறா?"

இவ்வளவு பாடுபட்டு ஏறிய உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. பால் வெள்ளையில் மூடுபனி. ஆல்ப்ஸ் மலைத்தொடர் எந்தப் பக்கம் என்று ஒரு பித்தளைப் பலகையில் பெயர் பெயராகச் செதுக்கியிருந்தார்கள். அதைப் படித்துத் திருப்திப்பட்டோம். எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு குஜராத்திக் குடும்பம் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டது.

ரூபன் சூப்புக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்த இடத்தில் கேட்காமல் போனால் எப்படி? கேட்டுவிட்டேன். "எதுக்குங்க மாப்பிள்ளை அந்த வேலையை விட்டீங்க?"

அவர் உடனே பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்தி, சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "இன்சூரன்ஸில நாள் முழுக்க நடக்காத விசயத்துக்குத்தான் மாமி கணக்குப் பாத்தனான். வீடு எரிஞ்சா எவ்வளவு, வெள்ளம் வந்தா எவ்வளவு எண்டு. இங்க கரி போட்டா நெருப்பு எரியும். நெருப்பு எரிஞ்சா ரெயில் மலை ஏறும். வேற ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

இதற்கு எதிர்வாதம் ஒன்று வைத்திருந்தேன். விமானத்தில் வரும்போதே யோசித்து வைத்தது. அந்த மூடுபனியில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன்பு வில்லில் இருக்கும் தமிழ்க் கடைக்குச் சிவபாலன் என்னைக் கூட்டிப் போனார். முருங்கைக்காய் அங்கே நகைக்கடைச் சாமான் விலையில் விற்கிறது. கல்லாவில் இருந்தவர் சிநேகிதர் போலிருக்கிறது. "என்ன பாலன் அண்ணை, மகன் இன்னும் இன்சூரன்ஸோ?" என்று கேட்டார். நான் மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் படிப்பதுபோல் நின்றுகொண்டேன்.

"இல்லை, விட்டிட்டான்" என்றார் சிவபாலன். "இப்ப ரெயிலில. பழைய நீராவி இன்ஜின். லேசான வேலை இல்லைத் தம்பி. ஷெஃப் ஒரு பொம்பிளை. சரியான கண்டிப்பு." கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினார்.

கோயம்புத்தூரில் இறங்கிப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, சித்தப்பா மகள் சரோஜா சாக்லேட்டுக்காக வந்துவிட்டாள். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "மாப்பிள்ளை எப்படி இருக்காரு? அதே இன்சூரன்ஸ்தானா?"

சொல்லித்தானே ஆக வேண்டும். "இல்லடி. இப்ப ரயில்வேல இருக்காரு" என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "ரயில்வேயா! அந்த ஊர் ரயில்வேலயா! அடேயப்பா, அதெல்லாம் லேசுல கிடைக்குமா? என் பையன் மூணு வருஷமாப் பரீட்சை எழுதறான்." பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "பென்ஷன் உண்டா?"

"உண்டு" என்றேன். அங்கே எல்லோருக்குமே உண்டு என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.